ஞாயிறு நாலு மணி மேடு

ரோர்விக்
10 ஜனவரி 2023

ஓஸ்முன்,

மூன்று வருடமாக மாதம் ஓர் உறை அனுப்புகிறாய். உள்ளே ஒரு தாள், தாளில் பச்சையும் நீலமுமாகச் சில கோடுகள். ஒரு வார்த்தை கிடையாது. கேட்டவள் நான்தான். நீதிமன்ற வாசலில், "அந்த சர்வரை நீ அணைச்சுட மாட்டேன்னு நான் எப்படி நம்பறது? மாசாமாசம் அத்தாட்சி அனுப்பு" என்று ஊர் பார்க்கக் கத்தினேன். அனுப்புகிறாய். அதில் குறை சொல்ல முடியாது. உன்னிடம் குறை சொல்ல முடியாத விஷயங்கள் எப்போதுமே நிறைய இருந்தன.

தாள்களை நான் படிப்பதில்லை. மீன் அறுக்கும்போது மேசையில் விரிப்பேன். போன வாரம் பெரிய மீன் கிடைத்தது, மூன்று தாள்களை அடுத்தடுத்து விரித்தேன். அப்போதுதான் பார்த்தேன். கீழே இருக்கிற படத்தில், மூன்று மாதமும், வாரத்துக்கு ஒரு முறை, ஒரே இடத்தில் ஒரு சின்ன மேடு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி. மற்ற நாள்களில் ஏதோ இங்கொன்று அங்கொன்று, அவ்வளவுதான். செப்டம்பர் தாள் கிடைக்கவில்லை, குடலோடு போய்விட்டது.

அது என்ன? கணினிப் பாடம் வேண்டாம். பதினான்கு வருடமாக நம் பையன் ஈவாருக்கு நான் இணையத்தில் எழுதிப் போடுகிற பக்கத்தை, உலகத்தில் யாரும் சீண்டாத அந்தப் பக்கத்தை, ஞாயிறு நாலு மணிக்கு யார் திறக்கிறார்கள்?

டிசம்பரில் ஒரு நாள் கோடு அறுந்துபோயிருக்கிறது. அதற்கும் காரணம் எழுது.

தொலைபேசி வேண்டாம். மின்னஞ்சலும் வேண்டாம். கடிதம் என்றால், பிரிக்கத் தைரியம் வரும்வரை மேசையில் கிடக்கும்.

ராக்னா

த்ரோன்ஹைம்
17 ஜனவரி 2023

அன்புள்ள ராக்னா,

'அன்புள்ள' என்று தொடங்கலாமா என்று யோசித்து, வேறு சொல் அகப்படாமல் அதையே வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் அடித்துவிட்டுப் படி.

பாடம் வேண்டாம் என்கிறாய். கொஞ்சம் இல்லாமல் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, மன்னித்துக்கொள். தாளில் மூன்று வரைபடங்கள் உள்ளன. மேலே இருப்பது என் அலமாரியில் ஓடுகிற சர்வர் இயந்திரத்தின் சூடு. நடுவில் இருப்பது அதன் மேல் உள்ள சுமை. இந்த இரண்டையும் தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் பார்த்துவிடுவேன், சிலர் இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல. பழைய இயந்திரம். விசிறியைப் போன கோடையில் மாற்றினேன். கீழே இருப்பது, ஈவாரின் பக்கம் ஒவ்வொரு மணி நேரத்திலும் எத்தனை தடவை திறக்கப்பட்டது என்பது. தேடல் நிறுவனங்களின் ரோபோக்கள், உன் வீடு, என் வீடு ஆகியவற்றைக் கணக்கில் வராமல் விலக்கியிருக்கிறேன். மிச்சம்தான் கோடு.

யார் திறக்கிறார்கள் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று சொன்னது நீ. "அவன் வந்தா வரட்டும். எங்கேருந்து வர்றான்னு எழுதி வைக்காதே. யாரோ துரத்தறாங்கன்னு தோணிச்சுன்னா திரும்ப வரவே மாட்டான்" என்றாய். எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஆகவே யாராவது திறந்தால், விலக்குப் பட்டியலில் உள்ளவரா என்று பார்த்து, இல்லையென்றால் ஒன்று கூட்டிக்கொண்டு, அந்தக் கணமே முகவரியை மறந்துவிடும்படி எழுதியிருக்கிறேன்.

டிசம்பரில் புயலில் மின்சாரம் போனது. அதுதான் அந்த அறுந்த இடம். அளக்க முடியாத நேரத்தை இந்தக் கருவி சுழியம் என்று வரையாது, வெற்றிடமாக விட்டுவிடும். சுழியம் என்றால் அளந்தோம், ஒன்றும் இல்லை என்று பொருள். வெற்றிடம் என்றால் அளக்கவில்லை, ஆகவே தெரியாது. நான் பணியில் இருந்தபோது நன்றாகப் படித்தவர்கள்கூட இதில்தான் தவறுவார்கள். கோடு அறுந்து அசிங்கமாக இருக்கிறதே என்று வெற்றிடத்தில் சுழியத்தை நிரப்பி வைப்பார்கள். பிறகு அதைப் பார்க்கிறவர், சர்வர் நன்றாகத்தான் ஓடியது, ஆள்தான் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

செப்டம்பரில் தூர்டிஸின் கணவர் ஆர்ன்ட் இறந்ததிலிருந்து ஞாயிறுகளில் ரயில் பிடித்து ஸ்தியோர்தாலுக்குப் போய் அக்காவோடு சாப்பிடுகிறேன். உன் கடிதம் வந்ததைச் சொன்னேன். வாஃபிள் மாவைக் கலக்கிக்கொண்டே, "பதினாலு வருஷமா ஒரு பேய்க்கு அவ கடுதாசி எழுதறா, நீ அதுக்கு விசிறி வீசறே. நல்லா சேர்ந்தீங்க, நல்லா பிரிஞ்சீங்க" என்றாள். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அந்த மேட்டின் மேல் எதையும் கட்டிவிடாதே. தயவுசெய்து.

ஓஸ்முன்

ரோர்விக்
30 ஜனவரி 2023

ஓஸ்முன்,

வெற்றிடம் வேறு, சுழியம் வேறு. இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவன் அன்றைக்கு நீதிமன்றத்தில் என்ன செய்தாய் என்று யோசித்துப் பார். ஈவாரின் காரைப் பூடோவில் கப்பல் துறையில் கண்டுபிடித்தார்கள். ஆளைக் கண்டுபிடிக்கவில்லை. கடலும் கொடுக்கவில்லை, கரையும் கொடுக்கவில்லை. வெற்றிடம். பத்து வருடம் கழித்து நீ மனுவில் கையெழுத்துப் போட்டாய், ஈவார் சட்டப்படி இறந்தவன் ஆனான். அறுந்த இடம் அசிங்கமாக இருந்ததா உனக்கு? ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த நாகரிகம் உனக்கு வரவில்லையே.

ஞாயிறு நாலு மணிக்கு யார் கூப்பிடுவார்கள் என்று உனக்கு மறந்திருக்காது. பூடோவுக்கு வேலைக்குப் போன பிறகு ஒரு வாரம் தவறியதில்லை. "அம்மா, வாஃபிள் வாசனை இங்க வரைக்கும் வருது" என்று பொய் சொல்வான். நீ மாடியில் இருக்கிற இன்னொரு தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருப்பாய். "அப்பா மூச்சு விடறது கேக்குது" என்று அவன் சிரிப்பான்.

சனிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். அவனும் நானும் படகில் இருக்கிற பழைய படத்தைப் பக்கத்தின் அடியில் சேர்த்தேன். தலைப்பு போடவில்லை, பெரிதாகப் பார்க்க அழுத்த வேண்டும். உன்னிடம் சொல்லாமல்தான் செய்தேன். அந்தப் படத்தை மட்டும் தனியாக எண்ண உன்னால் முடியுமா? எத்தனை தடவை, எப்போது?

இன்னொன்று. இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் ஒரு வரியாவது படித்திருக்கிறாயா? படத்தின் சட்டத்தைத் துடைக்கிறாய், ஆணியைப் பார்க்கிறாய், படத்தைப் பார்த்ததே இல்லை. நான் உன்னை விட்டு வந்ததற்கு நீதிமன்றம் பாதிக் காரணம். மீதி இது.

ராக்னா

த்ரோன்ஹைம்
7 பிப்ரவரி 2023

அன்புள்ள ராக்னா,

ஒரு தடவை. 29 ஜனவரி, ஞாயிறு, மாலை நாலுக்கும் ஐந்துக்கும் இடையில்.

முகவரி இல்லாவிட்டாலும் எந்தப் படம், எந்த நேரம் என்பது பதிவில் இருக்கும்; எண்ணிக்கை சரியா என்று மறுபடி பார்த்தேன். சரிதான்.

ஆண்டு முழுவதற்குமான வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், பார். அதில் அந்த மேடு கிடையாது. பழைய அளவுகளைக் கருவி மணிக்கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு நாளுக்கு ஒரு சராசரி, பிறகு ஒரு வாரத்துக்கு ஒரு சராசரி என்று சேர்த்துக் கரைத்துவிடும். இடம் போதாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆகவே நான் உனக்குச் சொல்ல விரும்புவது, கிட்டே நின்று பார்த்தால் பெரிதாகத் தெரிவது தள்ளி நின்று பார்த்தால்... இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. சொல்ல வந்ததும் இது இல்லை.

நீ கேட்ட கடைசிக் கேள்விக்கு ஒரு பதில் எழுதினேன். கிழித்துவிட்டேன். இன்னொன்று எழுதினேன். அது உண்மையாக இருந்தது, ஆனால் அனுப்பத்தக்கதாக இல்லை.

ஓஸ்முன்

ரோர்விக்
13 பிப்ரவரி 2023

ஓஸ்முன்,

ஒரு தடவை. ஒன்றே ஒன்று. தலைப்பில்லாத படத்தைத் தேடி அழுத்தியிருக்கிறான். தற்செயலாக வருகிறவன் அவ்வளவு தூரம் கீழே வரமாட்டான். ரோபோ படகைப் பார்க்காது.

காவல் நிலையத்துக்குப் போனேன். ஸ்டைனார் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, என்னைக் கண்டதும் அதை எண்ணிப் பார்த்திருப்பான். தாளை விரித்துக் காட்டினேன். பொறுமையாகத்தான் பார்த்தான். "ராக்னா, ஒரு கோட்டை வெச்சு கேஸைத் திறக்க முடியாது" என்றான். "ஒரு கையெழுத்தை வெச்சு மூடத் தெரிஞ்சுதே" என்றேன். காப்பி கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே நீதான் செய்ய வேண்டும். நீ கொடுத்த மனு, நீ திரும்பப் பெறு. வக்கீலிடம் கேள்.

ஈவாருக்கு ஸ்வெட்டர் பின்னக் கம்பளி நூல் வாங்கியிருக்கிறேன், சாம்பல் நிறம். அளவுதான் பிரச்சினை. போனபோது அவனுக்கு வயது இருபத்தாறு. இப்போது நாற்பது. நாற்பது வயதில் உனக்குத் தோள் விரிந்ததா, வயிறு வந்ததா? எனக்கு ஞாபகம் இல்லை. உன் அளவை எழுதி அனுப்பு.

இனி மாதம் ஒரு முறை போதாது. திங்கட்கிழமைதோறும் அனுப்பு. சனிக்கிழமைதோறும் அவனுக்கு எழுதுகிறேன். நேற்றைக்கு முந்தின நாள், கடையில் மாலினி அவன் பெயரைச் சொல்லாமல் 'உன் பையன்' என்று சொன்னதைப் பற்றி எழுதினேன். இறந்தகாலத்தில் சொல்லவில்லை அவள். பல வருடம் கழித்து.

ராக்னா

த்ரோன்ஹைம்
22 பிப்ரவரி 2023

அன்புள்ள ராக்னா,

வக்கீலிடம் கேட்டேன். தீர்ப்பை மாற்ற, ஈவார் உயிருடன் இருப்பதற்குச் சான்று வேண்டும் என்றார். "சான்றுன்னா ஆளு, சார். இல்லாட்டி ஆளோட குரல். படம் கிடம்லாம் செல்லாது" என்றார். அவன் குரலை நான் கேட்டதெல்லாம் மாடித் தொலைபேசியில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

நூலைத் தொடாதே என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மேட்டுக்குச் சாதாரணமான காரணம் இருக்கலாம். மிகவும் சாதாரணமான காரணம். அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், ஆனால் மாலினி சொன்னதைப் பற்றி நீ எழுதியிருந்ததை மறுபடி படித்தேன். பேனாவை வைத்துவிட்டேன்.

வாரந்தோறும் அனுப்புகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். வரும் வாரங்களில் மேடு குறையலாம், இல்லாமலே போகலாம். அப்படிப் போனால் அது கெட்ட செய்தி இல்லை. அது எந்தச் செய்தியும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வாயா?

எனக்கு நாற்பது வயதில் மார்பளவு நூற்றிரண்டு சென்டிமீட்டர் இருந்தது. வயிறு அப்போது இல்லை.

ஓஸ்முன்

ரோர்விக்
17 மார்ச் 2023

ஓஸ்முன்,

போன வாரத் தாளில் மேடு இல்லை. ஒரு வாரம்தானே என்று இருந்தேன். நேற்று வந்ததிலும் இல்லை. இரண்டு ஞாயிறும் கோடு தரையோடு தரையாகப் போகிறது. வெற்றிடம் இல்லை, ஓஸ்முன், நானும் இப்போது உன்னைப் போலப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். சுழியம்.

மேடு போகலாம் என்று நீ முன்கூட்டியே எழுதியிருந்தாய். எப்படித் தெரியும் உனக்கு? உன் கருவி ஆருடமும் சொல்லுமா? இல்லை, எப்போதும்போல எதற்கும் முன்னாலேயே பயந்து வைத்தாயா?

அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது. பதினான்கு வருடம் இருந்தவனுக்கு இப்போது ஆகிவிட்டது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். பெயர் தெரியாத ஆண், நாற்பது வயது, யாராவது வந்தார்களா என்று கேட்டேன். பூடோவில் ஒரு நர்ஸ், "அம்மா, நீங்க யாரு, தனியாவா இருக்கீங்க?" என்று என்னை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் கப்பலில் பூடோ போகிறேன். சீட்டு வாங்கிவிட்டேன். போய் என்ன செய்வாய் என்று கேட்காதே. துறையில் நிற்பேன். வீடற்றவர்களுக்குச் சூப் கொடுக்கிற இடம் இருக்கிறதாம், அங்கே அவன் படத்தைக் காட்டுவேன். டாக்டர் போகக்கூடாது என்கிறார். இதயத்தைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள எனக்கு இப்போது நேரம் இல்லை.

ஸ்வெட்டரில் ஒரு கைதான் பாக்கி.

ராக்னா

த்ரோன்ஹைம்
27 மார்ச் 2023

அன்புள்ள ராக்னா,

நேற்று ஞாயிறு. மேடு வந்திருக்கிறது. தாளை இணைத்திருக்கிறேன்.

பூடோவுக்குப் போகாதே. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. காற்று மோசம் என்கிறார்கள்.

ஓஸ்முன்

ரோர்விக்
4 ஏப்ரல் 2023

ஓஸ்முன்,

தாள் வந்த அன்று சமையலறையில் நின்றபடியே அழுதேன். பிறகு சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு, உன்னோடு பேச வேண்டும் என்று தோன்றியது. கடிதம் இல்லை, குரல். எத்தனை வருடம் கழித்து எனக்கு அப்படித் தோன்றியது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஞாயிறன்று தூர்டிஸ் வீட்டில்தானே இருப்பாய். நாலு மணி தாண்டியதும் கூப்பிட்டேன். அவன் அங்கே பக்கத்தைத் திறக்கிற நேரத்தில் நாமும் பேசிக்கொண்டிருப்போம் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். மூன்று பேரும் பழையபடி ஒரே கம்பியில்.

தூர்டிஸ்தான் எடுத்தாள்.

"ராக்னாவா? உயிரோடதான் இருக்கியா? இரு, அவன் குளியலறைக்குப் போயிருக்கான். மூஞ்சி கழுவப் போயிருப்பான். எல்லாம் உன் எழுத்து பண்ற வேலை."

என் எழுத்தா என்று கேட்டேன்.

"வேற என்ன? என் டேப்லெட்டை மடியில வெச்சுக்கிட்டு உன் பையன் பக்கத்தை முதல்லேந்து கடைசி வரைக்கும் படிக்க வேண்டியது, அழ வேண்டியது. அக்டோபர்லேந்து ஞாயித்துக்கிழமை தவறாம இதே கூத்து. வாஃபிள் ஆறிப் போகும், தொட மாட்டான். படகுல நீங்க ரெண்டு பேரும் இருக்கிற படத்தை என் மூக்குக்கிட்ட கொண்டாந்து காட்டினான். நடுவுல மூணு வாரம் தொடவே இல்ல, சரி, புத்தி வந்துடுச்சுன்னு நெனச்சேன். போன வாரத்துலேந்து மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்."

நான் வைத்துவிட்டேன். நான் கூப்பிட்டதை அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள், நீயும் ஒரு வார்த்தை எழுதாமல் உட்கார்ந்திருப்பாய்.

உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'யார் திறக்கிறார்கள் என்று இயந்திரத்துக்குத் தெரியாது' என்று எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியாது என்று எழுதவில்லை. நீ பொய் சொல்ல மாட்டாய். அதுதான் உன்னிடம் எனக்கு எப்போதும் பயம்.

நீ ஒரு வரிகூடப் படித்ததில்லை என்று பதினான்கு வருடம் உன்னைத் திட்டினேன். அது உண்மையாகவே இருந்திருக்கலாம், ஓஸ்முன். நீ படிக்காதவனாகவே இருந்திருக்கலாம். எனக்கு ஒரு பிள்ளை மிஞ்சியிருப்பான்.

ராக்னா

த்ரோன்ஹைம்
11 ஏப்ரல் 2023

ராக்னா,

என்ன சொல்வது என்று ஈஸ்டர் முழுக்க யோசித்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வராது.

வீட்டில் நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. இங்கே நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். அலமாரியில் அது ஓடுகிற சத்தம் கேட்கும்போது அதன் சூட்டைத்தான் பார்க்கத் தோன்றும். தூர்டிஸின் வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. ஒரு ஞாயிறு அவள் மாவு கலக்கும்போது மணி நாலு அடித்தது. டேப்லெட் மேசையில் இருந்தது. அவ்வளவுதான். முதலிலிருந்து படித்தேன். அடுத்த வாரமும் முதலிலிருந்தே படித்தேன். நடுவிலிருந்து தொடங்குவது மரியாதை இல்லை என்று பட்டது. என் வீட்டையும் உன் வீட்டையும் விலக்கத் தெரிந்த எனக்கு, என் அக்கா வீட்டை விலக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்த வேலையில் என் ஆயுளைக் கழித்திருக்கிறேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ கேட்கும் முதல் கேள்வி, ஏன் படித்தாய் என்பதாக இருக்கும். அதற்குப் பயந்தேன். பிறகு நீ படகுப் படத்தைச் சேர்த்தாய். நான் அதைச் சோதனை என்று அறியாமல்தான் திறந்தேன். அதற்குப் பிறகு, சொல்வது என்றால் உன் கையிலிருந்து பிடுங்குவது என்று ஆகிவிட்டது. படிப்பதை நிறுத்தினால் மேடு தானாகக் கரையும், நீயும் மெல்ல மறப்பாய் என்று கணக்குப் போட்டேன். நீ கப்பல் சீட்டு வாங்கினாய். மறுபடி படித்தேன். அன்றைக்கு, படிப்பதற்காகப் படிக்கவில்லை. மேடு வருவதற்காகப் படித்தேன். ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. எனக்கு அதுதான் மிகவும் அவமானமாக இருக்கிறது.

மனுவைப் பற்றியும் எழுதுகிறேன், இது மன்னிப்புக்காக இல்லை. பத்து வருடம் அந்த வரைபடத்தைத் தினமும் பார்த்தவன் நான். அது வெற்றிடமாக இருக்கவில்லை, ராக்னா. கருவி சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அளந்துகொண்டேதான் இருந்தது.

ஓஸ்முன்

ரோர்விக்
18 ஏப்ரல் 2023

ஓஸ்முன்,

நாலு ஞாயிறு அந்தப் பக்கத்தைத் தொடாதே. எங்கேயும், யார் வீட்டிலும். நானும் எதுவும் எழுதமாட்டேன்.

நீ இல்லாமல் அந்தக் கோடு எப்படி இருக்கிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும். நாலு வாரத்தையும் ஒரே தாளில் அனுப்பு.

ராக்னா

த்ரோன்ஹைம்
16 மே 2023

ராக்னா,

தாளை இணைத்திருக்கிறேன்.

நாலு ஞாயிறும் கோடு அடியில் இருக்கிறது. மற்ற நாள்களும் அப்படியே. வெற்றிடம் எங்கும் இல்லை. மின்சாரம் போகவில்லை, இயந்திரம் ஒரு முறைகூட நிற்கவில்லை, சூடும் சுமையும் சரியாக இருந்தன.

எண்ணும் பகுதி பழுதாகியிருக்குமோ என்று நீ நினைக்கக்கூடும். நானும் நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி. ஆகவே இரண்டாவது வாரம் புதன்கிழமை தூர்டிஸை ஒரே ஒரு தடவை திறந்துவிட்டு மூடச் சொன்னேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள், ஆனால் செய்தாள். தாளில் அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். அந்த ஒன்று சரியாக விழுந்திருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காதே. அது தூர்டிஸ்.

நாளை தேசிய நாள். ஊர்வலம் ஜன்னலுக்குக் கீழேதான் போகும். நான் கொடியை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? தூர்டிஸின் வீட்டையும் விலக்குப் பட்டியலில் சேர்ப்பதற்கான வரியை எழுதி வைத்திருக்கிறேன். நீ சரி என்றால் போட்டுவிடுவேன். பிறகு நான் திறந்தாலும் கோட்டில் எதுவும் தெரியாது, உன்னை எதுவும் ஏமாற்றாது. அப்படியானால் ஞாயிறுகளில் நான் மறுபடி படிக்கலாமா?

மாலினியைப் பற்றி நீ எழுதியது மனதிலேயே நிற்கிறது. அதற்குப் பிறகு அவள் ஏதாவது சொன்னாளா என்று தெரியவில்லை.

ஓஸ்முன்

ரோர்விக்
24 மே 2023

ஓஸ்முன்,

படி.

தூர்டிஸின் வீட்டை விலக்காதே. நாலு மணிக்கு மேடு இருக்கட்டும்.

ஸ்வெட்டரை இந்தப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். நூற்றிரண்டு. உனக்கு இப்போது பற்றாது, தெரியும்.

தாள்களை மட்டும் இனி எனக்கு அனுப்ப வேண்டாம்.

ராக்னா